துவைக்காத ஸ்வெட்டர்

மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில் மூச்சு படிந்திருந்தது.

செனோபியா முதலில் அதைப் பனி என்றுதான் நினைத்தாள். புக்காவைக்கோ என்ற அந்தப் பெரு நாட்டு மலையூரில் ஜூன் மாதக் குளிர்காலக் காலை என்றால் வாளித் தண்ணீர்கூட மேலே தகடு கட்டிவிடும். கண்ணாடி மங்குவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கையிலிருந்த பழந்துணியால் துடைத்தாள். போகவில்லை. விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். வெளிப்பக்கம் காய்ந்து வழவழவென்று இருந்தது. மங்கல் உள்ளே இருந்தது. மற்றப் பெட்டிகள் எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் தெளிவாகக் கிடக்க, இந்த ஒன்றில் மட்டும், அதுவும் மேற்புறமாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக வெள்ளை படிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அந்த வட்டம் கொஞ்சம் சுருங்கிற்று. பிறகு மெதுவாக விரிந்தது.

"அண்ணா," என்றாள் வாய்க்குள்.

பெட்டிக்குள், குறுக்குக் கட்டையில் மாட்டித் தொங்கியது அனிசேத்தோவின் ஸ்வெட்டர். சாம்பல் நிறம். நெஞ்சில் எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு சிவப்புப் பறவைகள். அம்மா பின்னியது. கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் இடது பக்கப் பறவைக்குக் கண் வைக்காமலே விட்டுவிட்டாள். அடுத்த சந்தைக்குப் போகும்போது நூல் வாங்கி வைக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அந்தச் சந்தை வருவதற்குள் படை வந்துவிட்டது.

பயம் அப்போது வரவில்லை. வந்தது பாசம், கூடவே ஒரு சின்ன உறுத்தல். அந்த வட்டம் அவள் தலைக்கும் மேலே இருந்தது. சாகும்போது அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, நோஞ்சான். அவன் வாய் அவ்வளவு உயரத்தில் இருக்க வழியே இல்லை.

இத்தனை வருஷத்தில் வளர்ந்திருப்பான், என்று சொல்லிக்கொண்டு அடுத்த பெட்டியைத் துடைக்கப் போனாள்.

அந்த மலைகளில் செத்தவர் துணியை ஐந்தாம் நாள் ஆற்றில் துவைத்துவிடுவார்கள். அன்று இரவு வீட்டுத் தரையில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி, கதவைத் தாழ் போடாமல் விட்டு, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பார்கள். அவர் கடைசியாக ஒருமுறை வந்து, சாப்பிட்டு, சாம்பலில் கால் பதித்து வெளியே போவார். காலையில் வெளிநோக்கிய தடம் இருந்தால் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். துவைக்காத துணியிலிருந்து ஆள் போக முடியாது. துணிக்குள்ளேயே இருப்பார். இது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரியாதது கோர்ட்டுக்கு மட்டும்தான்.

படை ஊராரைக் கொன்று போட்டு மூடிய குழியைத் தோண்டி எடுத்ததே இருபது வருஷம் கழித்துத்தான். எலும்புகளைச் சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தார்கள். ஊர் அழுது புதைத்தது. துணிகளைக் கொடுக்கவில்லை. துணி சாட்சி, மண்ணும் ரத்தமும் சாட்சி, துவைத்தால் சாட்சி போய்விடும் என்று வக்கீல் சொன்னார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எங்கே நடக்கிறது, எந்தப் பக்கமாக நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நீதிபதிக்குக் காய்ச்சல், நீதிபதிக்கு மாற்றல், படையை அனுப்பிய ஜெனரலுக்கு நெஞ்சுவலி. நடுவில் எந்த நாட்டிலிருந்தோ நன்கொடை வந்து, பழைய பள்ளிக்கூடம் நினைவு இல்லமாயிற்று. சாட்சிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்த் தொங்கின. பஸ் வைத்து வந்து பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு வாசலில் சாவிக்கொத்துப் பொம்மை வாங்குகிறார்கள். செனோபியாவிடம் சாவியைக் கொடுத்து, பெட்டிக்குப் பெட்டி நின்று கதை சொல்லும் வேலையையும் கொடுத்தார்கள். வேறு யாருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

செத்தவர் குடும்பங்களின் சங்கத் தலைவர் தோன் ஃபவுஸ்தோ வந்ததும் அவள் கேட்டாள்.

"ஐயா, அந்த ஸ்வெட்டரை ஒரே ஒரு தடவ குடுங்க. துவைக்க வச்சு, காயவச்சு, மறுபடி மாட்டிடறேன்."

"ஆரம்பிச்சிட்டியா?"

"பெட்டிக்குள்ள மூச்சு விடறான்யா. வந்து பாருங்க."

"அது ஈரம் செனோபியா. லிமாவுலேருந்து இன்னைக்கு ஆளு வருது. ஈரம் உறிஞ்சற பொட்டலம் ஏதாவது வைக்கச் சொல்றேன்."

"ஈரம் சுருங்கி விரியுமா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "அஞ்சாவது பெட்டில எம் பொண்டாட்டி பாவாடை தொங்குது. நான் கேட்டேனா? உனக்கொருத்திக்குத் துவைக்கக் குடுத்தா ஊர்ல அத்தனை பேரும் வாளியைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. அப்பறம் கேஸுக்கு என்னத்தைக் காட்டறது? எம் மூஞ்சியவா?"

லிமாவிலிருந்து வந்தவன் ரென்ஸோ. ஏதோ துறை அதிகாரி. நல்ல பையன், புது மலையேற்ற ஷூ. அந்த மலைக்காரர்களின் மொழியான கெச்சுவாவில் நாலு சொல் கற்றுக்கொண்டு வந்து, வாசலில் பின்னல் சாமான் விற்கும் பெண்களிடம் அதைப் பெருமையாக அவிழ்த்துவிட்டான். "ஞாஞாய்! ஞாஞாய்! எப்டி இருக்கீங்க?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு சிரிப்பு பீறிட்டது. எல்லோரிலும் சத்தமாகச் சிரித்தவள் உர்சுலா, செனோபியாவின் பக்கத்து வீட்டுக்காரி.

"ஏண்டா தம்பி, உள்ள பாவாடையா கட்டியிருக்க?"

அவன் முழிக்க, தோன் ஃபவுஸ்தோ சமாதானம் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஞாஞான்னா பொம்பளைக்குப் பொம்பளை கூப்பிடறது, அக்கா தங்கச்சிங்க தங்களுக்குள்ள. ஆம்பளை தன் கூடப்பொறந்தவளை பானின்னுதான் கூப்பிடுவான். எங்க ஊர்ல நடக்கப் பழகற பையன்கூட இதுல தப்பு விடமாட்டான்."

"ஸ்பானிஷ்ல எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதானே," என்றான் ரென்ஸோ, காது சிவக்க.

"அதான் அங்க யாரு யாருன்னே தெரியாமப் போகுது," என்றாள் உர்சுலா.

செனோபியாவும் சிரித்தாள். பிறகு பஸ்ஸில் வந்த கூட்டத்தை உள்ளே அழைத்துப் போய், வழக்கம்போல ஸ்பானிஷில் சொல்ல ஆரம்பித்தாள். பல வருஷம் சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சு வாயில் தேய்ந்து, சந்தையில் விலை சொல்வதுபோல் ஆகிவிட்டிருந்தது.

முதல் பெட்டியில் ஒரு போர்வையும் தொப்பியும். "படைக்காரங்க நேரா வரல. வழியில போனவங்க, ஆடு மேய்ச்சவங்ககிட்ட இருந்து துணியைப் பிடுங்கி மேல போட்டுக்கிட்டு வந்தாங்க. நம்ம ஆளுங்கதான் சந்தையிலேருந்து திரும்பி வராங்கன்னு நெனச்சு ஊரே கதவைத் திறந்துச்சு."

நாலு தப்படி தள்ளி மூன்றாவது பெட்டி. "இது எங்க அண்ணனோடது. மேய்ச்சலுக்குப் போனவன், சேதி தெரிஞ்சு எங்களைக் காப்பாத்தணும்னு ஓடி வந்தான். நான் பரண்ல சோளக் குவியலுக்குப் பின்னால இருந்தேன், எட்டு வயசு. 'தங்கச்சி, கதவைத் திற'ன்னு கூப்பிட்டான். அம்மா கதவுச் சந்து வழியா ஸ்வெட்டரைப் பார்த்துட்டுக் குறுக்குக் கட்டையை எடுத்தாங்க. அவன் பின்னாலயே படைக்காரங்களும் வந்துட்டாங்க போல. அதுக்கப்பறம் சத்தம்தான். அவன் எங்களுக்காகத் திரும்பி வந்தான்." இந்த இடத்தில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமை உண்டு, மறைப்பானேன். அந்த ஊரில் ஓடிப்போனவன் உண்டு, ஒளிந்தவன் உண்டு. திரும்பி வந்தவன் அவள் அண்ணன் ஒருத்தன்தான்.

ரென்ஸோ கண்ணாடியில் படிந்திருந்ததைப் படம் எடுத்துக்கொண்டான்.

கடைசியாக மூலைப் பெட்டி. உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை மட்டும், சல்லடையாக. "இவன் யாருன்னு தெரியல. கேட்டு யாரும் வரல."

"இந்தக் குளிர்ல வெறும் சட்டையோடயா இருந்திருக்கான்?" என்று கூட்டத்தில் ஒரு அம்மாள் கேட்டாள்.

"வெளியூர்ப் பையனா இருக்கும். பாவம், ஸ்வெட்டர் பின்னிக் குடுக்க ஆளில்ல போல," என்றாள் செனோபியா. அவள் எப்போதும் சொல்லும் பதில்தான்.

அவள் ஏற்கெனவே ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, அதே சாம்பல் நிறத்தில், அதே இரண்டு பறவையோடு ஒரு ஸ்வெட்டரைப் பின்னி, இடது பறவைக்குக் கண் வைக்காமல் விட்டு, மண்ணில் புரட்டி, வெயிலில் போட்டு, மறுபடி புரட்டி வைத்திருந்தாள். சாட்சிதானே வேண்டும்? தொங்கிக்கொண்டிருக்கட்டும். பார்க்க வருகிறவர்களுக்கு எது ரத்தம், எது சாயம் என்று தெரியவா போகிறது.

பஸ் கிளம்பிப் போன பிறகு, வெயில் சரிந்து ஜன்னல் சட்டம் தரையில் நீளமாக விழுந்திருந்த நேரத்தில், அவள் மூன்றாவது பெட்டியைத் திறந்தாள். பூஞ்சை நாற்றம் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வந்தது வேறு. சிகரெட் வாடை, அதற்கு அடியில் இயந்திர எண்ணெய் போல ஏதோ ஒன்று, அப்புறம் வேர்வை, நேற்றைய வேர்வை. ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக் கட்டையிலிருந்து கழற்றினாள். உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல.

அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இரு அண்ணா. நாளைக்கு உன்னை அனுப்பிடறேன்."

புதியதை மாட்டிப் பெட்டியைப் பூட்டி, பழையதைத் தன் முதுகுத் துணியில் முடிந்துகொண்டு திரும்பியபோது மூலைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. டக்டக்டக்டக் என்று, மெலிதாக, விடாமல். ஜன்னல் கண்ணாடி காற்றில் ஆடுகிறது என்று நினைத்தாள். காற்று இல்லை. பல் தந்தியடிப்பது போல் இருந்தது. மூலைப் பெட்டியைத் தாண்டும்போது அது நின்றுவிட்டது. அவள் வாசலைத் தொட்டதும் மறுபடி, இன்னும் வேகமாக. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் மூட்டை சூடாக இருந்தது, அந்தச் சூடு அவளுக்கு இதமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆற்றுக்கு உர்சுலாவும் வந்தாள். செத்தவர் துணியைக் கூடப்பிறந்தவர்களே துவைக்கக் கூடாது; அடுத்தவர் கைதான் துவைக்க வேண்டும். உர்சுலா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நுரை தரும் வேரைக் கல்லில் நசுக்கி, ஸ்வெட்டரைத் தண்ணீரில் அமுக்கினாள். தண்ணீர் கறுப்பாகப் போயிற்று. பிறகு பழுப்பாக. பிறகு ஒரு எண்ணெய்ப் படலம், வெயிலில் ஏழு நிறம் காட்டிக்கொண்டு.

"என்னடி இது, தையல் மெஷின் எண்ணெய் மாதிரி நாறுது? உங்க அண்ணன் தையக்காரனா?"

"ஆடு மேய்ச்சவன்."

"ஆட்டுக்கு எண்ணெய் போட்டானா?" என்று சிரித்த உர்சுலா, ஸ்வெட்டரைப் பிரித்துக் கல்லில் பரப்பியதும் சிரிப்பை நிறுத்தினாள். அக்குள் இரண்டிலும் தையல் தெறித்திருந்தது. கழுத்து இழுபட்டு வாய் பிளந்திருந்தது. "நல்ல ஆகிருதியோ உங்க அண்ணன்?"

"குச்சி மாதிரி இருப்பான்."

"அப்ப இது எப்படிக் கிழிஞ்சுது?"

"குழிக்குள்ள கெடந்தது உர்சுலா. மண்ணு இழுத்திருக்கும்."

மண் அக்குளைப் பிடித்து இழுக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆறு சலசலத்தது. செனோபியாவுக்கு வேண்டாத நேரத்தில், எலும்புகளைப் பார்க்க வந்திருந்த டாக்டர் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். 'அம்மா, இது கொஞ்சம் பெரிய ஆளோட...' என்று அந்தப் பெண் இழுத்தாள். 'எங்க அம்மா பின்னினதை எனக்கு அடையாளம் தெரியாதா?' என்று தான் அவள் வாயை அடைத்ததும், அதோடு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எழுதிவிட்டுப் போனதும் நினைவு வந்தது. அங்கே எல்லோரும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். மண்டை ஓடு யாருக்குத் தெரியும்? பின்னல் தெரியும்.

உர்சுலா பிழிந்துகொண்டே, ஆற்றைப் பார்த்தபடி சொன்னாள். "எங்க மாமனார் ஒரு பேச்சு சொல்லுவாரு. படைக்காரங்க குழிக்குள்ள குண்டைத் தூக்கிப் போட்டப்ப, ஓரத்துல நின்ன அவங்க ஆளு ஒருத்தனும் உள்ள விழுந்துட்டானாம். எடுக்காமலே மூடிட்டுப் போயிட்டாங்களாம்."

"அதெல்லாம் பொய்."

"ஃபவுஸ்தோவும் பொய்னுதான் சொல்லுவாரு. நம்ம குழிக்குள்ள அவன் எதுக்குங்கறாரு." அவள் ஸ்வெட்டரை உதறிக் கொடுத்தாள். "இந்தா. கொடில போடு. நான் ஆட்டைக் கட்டணும்."

"சாயங்காலம் கூட உக்காரறேன்னு சொன்னியே?"

"முட்டி வலிக்குதுடி." உர்சுலா செனோபியாவின் முகத்தைப் பார்க்காமலே பாறை மேல் ஏறிப் போனாள். அவளுக்கு முட்டி வலி கிடையாது.

மலைக்குப் பின்னால் வெயில் விழுந்ததும் குளிர் ஒரேயடியாக இறங்கிற்று. செனோபியா அடுப்புச் சாம்பலைச் சலித்து, வாசற்படியிலிருந்து தன் படுக்கை வரைக்கும், மாவு தூவுவதுபோல் ஒரே சீராகப் பரப்பினாள். வறுத்த சோளத்தையும் பாலாடைக்கட்டியையும் மரத்தட்டில் வைத்தாள். அனிசேத்தோவுக்கு அது இருந்தால் சோறு வேண்டாம். கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையை எடுத்து மூலையில் சாத்தினாள். விளக்கை அணைத்துவிட்டு, ஆட்டுத்தோல் விரித்த படுக்கையில் கால்களை மேலே தூக்கிவைத்து உட்கார்ந்தாள். வெளியே கொடியில் ஸ்வெட்டர் விறைக்கத் தொடங்கியிருந்தது. கதவுச் சந்து வழியாகப் பார்த்தபோது, கைகள் இரண்டும் அகல விரிந்து நிற்பது நட்சத்திர வெளிச்சத்தில் தெரிந்தது.

அடுப்புக்குக் கீழே வளர்ப்புக் கினிப்பன்றிகள் கீச்சுக் கீச்சென்று தமக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. எங்கோ நாய் குரைத்தது, ஆற்றின் இரைச்சல் ஏறுவதும் தேய்வதுமாக இருந்தது, அணைந்த அடுப்பிலிருந்து கற்பூர இலைப் புகையின் மிச்ச வாசனை வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பயம் இல்லை. இத்தனை வருஷமாகக் காத்திருந்த காரியம் முடியப் போகிறது. ஊரார் எலும்பை மட்டும் புதைத்துவிட்டு மிச்சத்தைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்க, அவள் மட்டும் தன் அண்ணனை முழுசாக அனுப்பி வைக்கப் போகிறாள். அந்த நினைப்பில் நெஞ்சு லேசாகி, கண் சொக்கியது.

கினிப்பன்றிகள் அடங்கிவிட்டன.

எல்லாம் ஒரே சமயத்தில். ஒரு கீச்சு பாதியில் அறுந்தது. நாயும் இல்லை. ஆறு மட்டும்.

சொட்டு. சொட்டு. ஈரத் துணியிலிருந்து விழுகிற சொட்டு, முற்றத்தில். பிறகு வாசற்படிக் கல்லில்.

விறைத்துப் போன துணி எப்படிச் சொட்டும்?

சந்து வழியாகப் பார்த்தாள். கொடி வெறுமையாக இருந்தது. அதற்கு இந்தப் பக்கம், கதவை ஒட்டி, சாம்பல் நிறம். சிவப்பு. கண் இல்லாத ஒரு பறவை.

"ஞாஞாய்," என்றது ஒரு குரல், மெதுவாக, ஆசையாக. "ஞாஞாய். கதவைத் திற."

அதே குரல். பரணில் சோளத்துக்குப் பின்னால் கேட்ட அதே குரல், ஒரு இழை மாறாமல். அவளுக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்து, "தெறந்துதான் இருக்கு அண்ணா," என்று சொல்லியேவிட்டாள். "உள்ள வா. உனக்காகத்தான் வச்சிருக்கேன். வா."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் அவளிடம் வந்து சேர்ந்தது.

ஞாஞாய்.

உர்சுலாவின் சிரிப்பு. உள்ள பாவாடையா கட்டியிருக்க? நடக்கப் பழகற பையன்கூடத் தப்பு விடமாட்டான்.

அனிசேத்தோ அவளை பானி என்றுதான் கூப்பிடுவான். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது, சண்டை போடும்போது, சோளத்தைப் பிடுங்கித் தின்னும்போது. பானி. பானி. ஒரு நாளும் வேறு இல்லை.

அன்று கதவுக்கு வெளியே கேட்டதும் இதுதான். ஞாஞாய். எங்கிருந்தோ வந்த படைக்காரன், யாரிடமோ அவசரத்துக்குக் கற்றுக்கொண்ட சொல். அவள் அதைக் கேட்டாள். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் ஸ்பானிஷில் சொன்னாள். ஸ்பானிஷில் ஒரே சொல்தான். சொல்லச் சொல்ல அந்தத் தப்பு கரைந்தேபோயிற்று.

முதல் பெட்டி. வழியில ஆடு மேய்ச்சவங்ககிட்ட இருந்து துணியைப் பிடுங்கி.

நாலு தப்படி. எத்தனை வருஷம் அந்த நாலு தப்படியை நடந்தாள்.

கதவு உள்ளே நகர்ந்தது. குளிர் வந்தது. சிகரெட் வாடை. எண்ணெய்.

முகம் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடம் வாசல் நிலைக்கும் மேலே, இருட்டில் இருந்தது. அன்றைக்குப் போலவே ஸ்வெட்டர்தான் தெரிந்தது. அதன் கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே நீளமாக, வெளிறி, பெரிய மணிக்கட்டு. அன்றும் அப்படித்தான் இருந்தது. அவள் பார்த்திருக்கிறாள். பரணிலிருந்து பார்த்திருக்கிறாள்.

அவன் குனிந்து உள்ளே வந்தான்.

சாம்பலில் ஒரு தடம். பூட்ஸ். குதிகால் அழுந்தி, பள்ளம் பள்ளமாக. உள்நோக்கி. இன்னொன்று. தட்டைத் தாண்டி. சோளத்தைத் தொடவில்லை.

அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறாள் இவனை. அம்மாவுக்குப் பக்கத்தில். பூ வைத்து. பெயர் எழுதி.

இன்னொன்று.

அப்போது வெளியே, முற்றத்துக்கும் அப்பால், நினைவு இல்லம் இருக்கும் பக்கத்திலிருந்து, அந்தச் சத்தம் வந்தது. டக்டக்டக்டக். பல் தந்தியடிக்கும் சத்தம். சின்ன வாய். நெருங்கி, நெருங்கி, கொடிக்குக் கீழே வந்து நின்றது.

"பானி."

அவள் எழ முயன்றாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் பூட்ஸ் நின்றது.

"பானி," என்றது சின்னக் குரல், நடுங்கிக்கொண்டு. "குளிருது பானி. எவனோ என் ஸ்வெட்டரை எடுத்துட்டான்."

பாவம், பின்னிக் குடுக்க ஆளில்ல போல. எத்தனை பஸ் கூட்டத்துக்கு அதைச் சொன்னாள். அவனையே காட்டி. அவன் எதிரிலேயே.

"அண்..." என்று வாயைத் திறந்தாள்.

சாம்பலில் நின்ற பூட்ஸ் நிதானமாகத் திரும்பிற்று. வெளியே அந்தச் சின்னக் குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்க, குட்டையான ஸ்வெட்டர்க் கை ஒன்று ஈரம் சொட்டச் சொட்ட நீண்டு, கதவைச் சாத்தியது; மூலையிலிருந்த கட்டையை எடுத்து, உள்பக்கமிருந்து குறுக்கே போட்டது.